உப்புப் பார்க்காத பீர்

நான் பீருக்கு மார்க் போடுகிறவள். என் அம்மாவுக்கு இது இன்றுவரை தெரியாது. சாப்பாட்டுத் தரம் பார்க்கிற வேலை என்று சொல்லி வைத்திருக்கிறேன், அதில் பாதி உண்மைதான். வார நாள்களில் செனவாங்கில் ஒரு சாஸ் கம்பெனி லேப்பில் மிளகாய் சாஸை முகர்ந்துகொண்டிருப்பேன். சிங்கப்பூரிலோ பேங்காக்கிலோ கிராஃப்ட் பீர் போட்டி வந்தால் லீவு போட்டுவிட்டு நடுவர் மேசையில் போய் உட்காருவேன். நிறம், நுரை, வாசனை, ருசி எல்லாம் சேர்த்து ஐம்பது மார்க். வாசனைக்கு மட்டும் பன்னிரண்டு. நாற்பதுக்கு மேல் நான் போட்டதாக யாருக்கும் நினைவில்லை. கஞ்சக் கை என்று பெயர் வாங்கியிருக்கிறேன், அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமும் உண்டு.

என் கணவர் சசிதரன் பீர் காய்ச்சுகிறவர். கோலாலம்பூருக்குப் போகிற வழியில் ஒரு தொழிற்பேட்டையின் மூலையில் ஒளிந்திருக்கும் சின்ன பிரூவரியில் வேலை. அவருடைய பீர் ஒன்றுக்கு நான் படுமோசமாக மார்க் போட்டதும், ஏன் என்று கேட்க என்னைத் தேடி வந்தார். அந்தச் சண்டை முடியாமலே கல்யாணமாகிவிட்டது. தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதிய யாழ்ப்பாணத்துக் கிராணி வம்சத்துப் பெண் எஸ்டேட் கூலி வீட்டுப் பையனைக் கட்டுவதா என்று லோபாக்கில் என் மாமாக்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார்கள். கல்யாணத்தன்று அவர் காய்ச்சிய பீரை அதிகம் குடித்ததும் அவர்கள்தான்.

கோவிட் எங்கள் வீட்டுக்கும் வந்து போனது. போகும்போது சசியின் மூக்கைக் கையோடு கொண்டுபோய்விட்டது. எனக்கு ஒரு மாதத்தில் வாசனை திரும்பியது, அவருக்குத் திரும்பவே இல்லை. நாக்கு இருந்தது. கசப்பு, இனிப்பு, உறைப்பு எல்லாம் தெரியும். ஆனால் காப்பிக்கும் சுடுதண்ணீரில் கரைத்த கசப்பு மருந்துக்கும் அவருக்கு வித்தியாசம் தெரியவில்லை. டாக்டர் பொறுமையாக இருக்கச் சொன்னார். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

கனவில் மட்டும் அவருக்கு மணந்தது. விடியற்காலையில் கண்ணைத் திறக்காமலே என் கையைப் பிடிப்பார்.

"இன்னிக்கு என்ன?" என்று கேட்பேன்.

"மழ பேஞ்ச தார் ரோடு."

இன்னொரு நாள் புதுச் செருப்பு என்பார். இன்னொரு நாள், பிறந்த குழந்தையின் தலை என்பார். கண்ணைத் திறந்தால் வாசனை போய்விடுமாம். அதனால் நான் திரைச்சீலையை விலக்காமல், ஃபேனைக்கூட நிறுத்தாமல் பக்கத்தில் கிடப்பேன். அறைக்குள் வெளிச்சம் மெல்ல மெல்ல வரும். என் மூக்குக்கு எட்டாத ஒரு வாசனையில் அவர் மிதந்துகொண்டிருப்பார். அந்த நேரத்தில் அவரைப் பார்க்க எனக்கு ஆசையாக இருக்கும், பொறாமையாகவும் இருக்கும்.

பிரூவரியில் அவர் யாரிடமும் சொல்லவில்லை. காய்ச்சுகிற பீரில் கொஞ்சம் ஃபிளாஸ்கில் ஊற்றி வீட்டுக்குக் கொண்டு வருவார். சாப்பாட்டு மேசையில் நான் முகர்ந்து பார்த்துச் சொல்வேன். "முதல்ல மாம்பழம் வருது. பின்னால கொஞ்சம் பிசின். பச்சைப் புல் வாசம் இன்னும் போகல." அவர் பழைய பாட்டு கேட்கிறவரைப் போல தலையைச் சாய்த்துக்கொண்டு கேட்பார். அவருடைய மூக்கை நான் என் முகத்தில் வைத்துக்கொண்டு சாஸ் கம்பெனிக்கும் வீட்டுக்கும் போய் வந்துகொண்டிருந்தேன்.

ஒருமுறை நான் சிங்கப்பூரில் இருந்தபோது ஒரு டேங்க் முழுக்கப் புளித்துப் போனது. அது அவருக்குத் தெரியவில்லை, பாட்டிலில் அடைக்க வந்த பையன்தான் கண்டுபிடித்தான். எல்லாவற்றையும் சாக்கடையில் திறந்துவிட்டார்கள். முதலாளி நல்ல மனிதர், திட்டவில்லை. திட்டியிருந்தால் சசிக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

"நான் ஊரை ஏமாத்திட்டு இருக்கேன்லா ரோகினி," என்றார் அன்றைக்கு. "முனிக்குப் படையல் வருதுல்ல, அது வரைக்கும் பாப்போம். மூக்கு வரலன்னா பாஸ்கிட்ட சொல்லிட்டு நின்னுடறேன். நீலாய்ல வேர்ஹவுஸுக்கு ஆள் எடுக்கறாங்க."

"பெட்டி அடுக்கப் போறீங்களா?"

"பெட்டிய மோந்து பாக்க வேண்டியதில்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

லிங்கியில் அவர் பிறந்து வளர்ந்த எஸ்டேட்டில் ஒரு முனியாண்டி இருக்கிறார். எண்ணெய் எடுக்கிற செம்பனை வரிசைகள் முடிந்து ஆற்றை நோக்கி நிலம் இறங்குகிற இடத்தில் ஒரு மேடை, மேலே தகரக் கூரை, மேடையில் நட்ட அரிவாள்கள். எங்கள் வீட்டுச் சாமி பால் குடிக்கும். இவர் ஸ்டவுட் என்கிற கறுப்பு பீர் குடிப்பார், சுருட்டுப் பிடிப்பார். வருஷத்துக்கு ஒருமுறை சசியின் குடும்பம் ஆட்டுக்கறியும் ஸ்டவுட்டும் படைக்கும். இந்த வருஷம் கடை ஸ்டவுட் வேண்டாம், நானே காய்ச்சிப் படைக்கிறேன் என்றார் சசி. அதுவும் டபுள் ஐபிஏ, இந்தியா பேல் ஏல் என்கிற வகை.

பீரில் அதைப்போல மணக்கிறது வேறு இல்லை. கசப்புக்கும் வாசனைக்கும் போடுகிற ஹாப்ஸ் பூவை அதில் அள்ளி அள்ளிக் கொட்டுவார்கள். நல்லதாக அமைந்தால் மூடியைத் திறந்ததுமே ஆரஞ்சுத் தோலும் கொய்யாவும் அறை முழுக்க நிற்கும். பெயரில் இந்தியா இருக்கிறதே தவிர, இந்தியாவில் எந்த முனிக்காவது இதைப் படைத்திருப்பார்களா என்பது சந்தேகம்தான். "இருக்கறதுலேயே ரொம்ப மணக்கறத அவருக்குக் குடுக்கறேன். எனக்குக் கொஞ்சம் திருப்பிக் குடுக்கட்டும்," என்றார் சசி. அவருடைய வேண்டுதல் அவ்வளவுதான்.

என் மாமியார் முத்தாயி மந்தினில் இருக்கிறார். செய்தியைப் போனில் கேட்டதும் சட்டம் போட்டுவிட்டார்.

"செய்யி சசி. ஆனா உப்புப் பாக்கக் கூடாது. மோந்தும் பாக்கக் கூடாது. படைக்கறதுக்கு முன்னாடி மூக்கு வெச்சாலும் எச்சில்தான், வாய் வெச்சாலும் எச்சில்தான்."

படையல் சமைக்கிறவர்கள் உப்புப் பார்ப்பதில்லை, அது எனக்கும் தெரியும். கறிக்கு அது சரி. கை பழகியிருக்கும். உப்புக் குறைந்தால் முனி கோபித்துக்கொள்ளப் போவதில்லை. பீர் அப்படியா? உயிருள்ள ஈஸ்ட் அதற்குள் இருந்து வேலை செய்கிறது. இன்றைக்கு ஒரு வாசம், நாளைக்கு ஒரு வாசம். முகர்ந்து பார்த்துத்தான் அடுத்த வேலையைச் செய்ய வேண்டும். அத்தையிடம் இதைச் சொன்னேன். "அப்ப கூடுதலா சாமிய நெனச்சுக்கிட்டுச் செய்யச் சொல்லு கண்ணு," என்றார்.

சசி எங்கள் வீட்டுப் பின்னறையில் ஒரு பெரிய வாளியில் காய்ச்சி ஊற்றி, அறையைச் சாத்திவிட்டார். குளித்துவிட்டுத்தான் உள்ளே போவார். தெர்மோமீட்டரைப் பார்ப்பார், அளவு பார்ப்பார், பூப் போடுகிற நாளில் தலையைத் திருப்பிக்கொண்டு பூவைக் கொட்டினார். தலையைத் திருப்பி என்ன ஆகப்போகிறது, மூக்கே வேலை செய்யாதபோது? எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. படையல் நாள் நெருங்கியதும் வாளியைக் குளிர்பெட்டிக்குள் தூக்கி வைக்கப் போனார். நான் வழியில் நின்றேன்.

"ஒரே ஒரு ஸ்பூன். குளிர வெச்சிட்டா அப்புறம் ஒண்ணும் செய்ய முடியாது, உங்களுக்கே தெரியும்."

"வேணாம் ரோகினி."

"கெட்டுப் போயிருந்தா?"

"நீ மோந்து பாத்துச் சொன்னா, அது நீ செஞ்ச பீர். இது ஒண்ணு மட்டும் நான் செஞ்சதா இருக்கட்டுமே."

வழியை விட்டேன். ஆனால் அன்றைக்கு முழுக்க அவரோடு பேசவில்லை.

படையல் நாளன்று காலையில் பனிப்பெட்டியில் பாட்டில்களை அடுக்கிக்கொண்டு கிளம்பினோம். ஜன்னலை இறக்கிவிட்டு அவர் ஓட்ட, நான் வாசனைகளைச் சொல்லிக்கொண்டு வந்தேன். இது எங்களுக்குப் பழகிப்போன விளையாட்டு. லோபாக் கடைவரிசையில் வறுத்த பூண்டு. ரப்பர் ஃபேக்டரியைத் தாண்டும்போது அந்தப் பழைய நாற்றம். "வந்துடுச்சா? நல்லா நாறுதா?" என்று ஆசையாகக் கேட்டார். நாறுகிறது என்றேன். "கொடுத்து வெச்சவ," என்றார்.

லிங்கி ரோட்டில் திரும்பியதும் இரண்டு பக்கமும் செம்பனை. காலை மூட்டம் இன்னும் கலையவில்லை. மரங்களின் அடிப்பகுதி தெரிந்தது, தலைகள் தெரியவில்லை. கார் ஓடுகிற மாதிரியே இல்லை, மரங்கள்தான் எங்களைக் கடந்து பின்னால் போவது போல இருந்தது. ஈர மண், அழுகிய ஓலை, எங்கேயோ எரியும் குப்பை என்று சொல்லிக்கொண்டே வந்தவள், ஓரிடத்தில் நிறுத்திவிட்டேன். அடுத்தது என்ன என்று அவரும் கேட்கவில்லை. அந்த வெள்ளை மூட்டத்துக்குள் நாங்கள் இரண்டு பேரும் ஒரே கனவில் நுழைந்துவிட்டதாகவும், இங்கே யாருக்கும் மூக்கு தேவையில்லை என்றும் எனக்குத் தோன்றியது. பிறகு ஒரு லாரி ஹார்ன் அடித்துக்கொண்டு எதிரே வந்தது.

முனி மேடையில் கூட்டம் அதிகமில்லை. அத்தை, அக்கம்பக்கத்துச் சொந்தங்கள் சிலர், பூசை செய்கிற மணியம் சித்தப்பா. அவர் மற்ற நாள்களில் ஸ்கூல் பஸ் ஓட்டுகிறவர். விறகடுப்பில் ஆட்டுக்கறி கொதித்துக்கொண்டிருந்தது. உச்சிவேளையில் இலை போட்டு, கறியும் சோறும் அவித்த முட்டையும் வைத்து, சுருட்டைப் பற்றவைத்து மேடை விளிம்பில் சாய்த்தார்கள்.

சசி முதல் பாட்டிலைத் திறந்து முனியின் உயரமான கிளாஸில் ஊற்றினார். பொன்னிறமும் ஆரஞ்சும் கலந்த கலங்கல், மேலே வெண்ணுரை. நுரை தடியாக எழுந்து விளிம்போடு நின்றது. நிறத்துக்கும் நுரைக்கும் மனசுக்குள்ளேயே முழு மார்க் போட்டுவிட்டேன். சாம்பிராணிப் புகை கிளாஸைச் சுற்றி வந்து தகரக் கூரையில் முட்டிப் பரவியது. வெயில் ஓலைகளுக்கு நடுவே கீற்றுக் கீற்றாக இறங்கிப் புகைக்குள் நின்றது. சசி கையைக் கூப்பி, கண்ணை மூடி நின்றார். விடியற்காலையில் படுக்கையில் பார்க்கிற அதே முகம்.

நான் சாமி கும்பிடும்போது எதையும் கேட்கிறவள் இல்லை. அன்றைக்குக் கேட்டேன். கேட்டேன் என்றுகூடச் சொல்ல முடியாது, கொடுக்காவிட்டால் பார் என்று மிரட்டினேன்.

பூசை முடிந்தது. சசி காகிதக் கப்புகளில் ஊற்றி எல்லோருக்கும் கொடுத்தார். முதல் கப் எனக்கு. கொடுத்துவிட்டு நகராமல் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்.

கப்பை மூக்கருகே கொண்டுபோனேன். ஆரஞ்சு இல்லை. கொய்யா இல்லை. வெண்ணெய். கடாயில் உருகி நெய்யாகிற வெண்ணெய். குளிர்ச்சி குறையக் குறைய அதுதான் மேலே மேலே வந்தது. எனக்கு உடனே புரிந்தது. கடைசியாகப் பூப் போட்டதும் ஈஸ்ட் மறுபடி விழித்துக்கொண்டு இந்த வாசத்தைக் கிளப்பிவிடும். வெதுவெதுப்பில் இன்னும் சில நாள் விட்டிருந்தால் அதுவே அதைத் தின்று தீர்த்திருக்கும். அதற்குள் குளிரில் தூக்கி வைத்தால் அப்படியே தங்கிவிடும். ஒரு ஸ்பூன் முகர விட்டிருந்தால் போதும். டபுள் ஐபிஏவில் இந்த வாசம் வந்தால் போட்டியில் நடுவர்கள் இரண்டாவது மிடறு குடிக்க மாட்டார்கள்.

"எப்படி?" என்றார்.

பக்கத்தில் மணியம் சித்தப்பா ஒரு மிடறு விழுங்கி முகம் கோணி, உடனே சரிசெய்துகொண்டு, "ஸ்ட்ராங்கா இருக்குலா, நல்லா இருக்கு," என்றார். முனி குடித்த மிச்சத்தில் யாரும் குற்றம் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் வேப்பிலையைத் தின்ற முகத்தோடு நல்லா இருக்கு, நல்லா இருக்கு என்றார்கள். சசி அவர்களைப் பார்க்கவே இல்லை.

"ரோகினி, எப்படி? அம்பதுக்கு?"

"நாற்பத்தி நாலு."

என் வாய்தான் சொன்னது. மார்க்கில் நான் பொய் சொன்னது அதுவே முதல் தடவை.

"நாப்பத்தி நாலா? நீயா?" அவர் முகம் அப்படி மலர்ந்து பார்த்து எவ்வளவு காலம்! "அம்மா, ரோகினி நாப்பத்தி நாலு போட்டா!" அத்தைக்கு அது என்ன கணக்கு என்று தெரியாது. ஆனாலும் மகன் சிரித்ததால் அவரும் சிரித்தார்.

சசி என் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார். "போதும் ரோகினி. கடைசியா செஞ்சது நல்ல பீர்னு இருக்கட்டும். நாளைக்குப் போயி பாஸ்கிட்ட சொல்லிடறேன்."

என் பொய் அவரை எங்கே கொண்டுபோய் நிறுத்தியது என்று அப்போதுதான் உறைத்தது. கெட்டுப்போன பீர் என்று சொல்லியிருந்தால், ரோஷத்துக்காவது இன்னொரு முறை காய்ச்சியிருப்பார். நாற்பத்தி நாலோடு நிம்மதியாகப் போய் பெட்டி அடுக்கப் போகிறார். இனி எதைச் சொல்லி நிறுத்துவது என்று தெரியாமல், கையில் கப்போடு ஆற்றுப் பக்கம் பார்த்துக்கொண்டு நின்றேன்.

எல்லோரும் இலை முன்னால் உட்கார்ந்தார்கள். சசி கடைசியாகத் தனக்கு ஒரு கப் ஊற்றிக்கொண்டு என் பக்கத்தில் வந்து அமர்ந்தார். கப்பை வாய்க்குக் கொண்டு போனவர் குடிக்காமல் நிறுத்தி, தலையைத் திருப்பி அடுப்பைப் பார்த்தார்.

"யாரு நெய் உருக்கறா?" என்றார்.

யாரும் கவனிக்கவில்லை. அவர் மறுபடி கேட்டார்.

"நெய்யா?" என்றார் அத்தை, சோறு போட்டபடியே. "முனிக்கு ஏதுடா நெய்யி? கறி முழுக்க எண்ணெயில செஞ்சது."

நான் என் கப்பைப் பார்த்தேன். சசி கப்பைத் தரையில் வைத்துவிட்டு எழுந்து அடுப்பருகே போனார். குனிந்து சட்டிக்குள் பார்த்தார். மூக்கை உறிஞ்சினார். கூரைக்குப் பின்னால் போய்ப் பார்த்துவிட்டு வந்தார். வரும்போது முகம் வாடியிருந்தது.

"ஒண்ணுமில்ல," என்றார். "கனவுலதான் வந்துட்டு இருந்துச்சு. இப்ப முழிச்சிட்டு இருக்கும்போதே வருது. மூளைதான் ஏமாத்துதுலா."

சொல்லிவிட வேண்டும். சொன்னால் நாற்பத்தி நாலு போய்விடும். அவர் மட்டுமே செய்த அந்த ஒரு பீர் போய்விடும். ஆனால் சொன்னால்தானே அவருக்குத் தெரியும்!

"சசி, உங்க கப்ப எடுங்க."

"குடிக்கறேன், இரு."

"குடிக்க வேணாம். மோந்து பாருங்க."

எடுத்தார். மூக்குக்குக் கொண்டு போனார். அவருடைய கண்கள் கப்பின் விளிம்புக்கு மேலே என்னையே பார்த்துக்கொண்டிருந்தன. தூரக் கொண்டுபோனார். மறுபடி கிட்டக் கொண்டுவந்தார். அவருடைய நெற்றி சுருங்கியது. எத்தனையோ டேங்குகளுக்கு முன்னால் நான் பார்த்திருக்கிற சுருக்கம், பிரூவரியில் பையன்கள் பார்த்தாலே பயப்படுகிற சுருக்கம்.

"இது... கெட்டுப் போச்சு ரோகினி."

"ஆமா."

"நெய் நாத்தம் அடிக்குது. என் பீருதான். குளிர வெக்கறதுல அவசரப்பட்டுட்டேன்."

"ஆமா, சசி."

அத்தை கரண்டியோடு திரும்பிக் கன்னத்தில் போட்டுக்கொண்டார். "டேய்! படையல்ல குத்தம் சொல்றியா? வாயக் கழுவுடா!"

அவர் காதில் எதுவும் விழவில்லை. கப்பை இரண்டு கையாலும் பிடித்து, முகத்தையே அதற்குள் புதைக்கிறவர் போல மூச்சை இழுத்தார். தோள்கள் குலுங்க ஆரம்பித்தன.

"நாப்பத்தி நாலுன்னு சொன்னியே."

"பொய் சொன்னேன்."

"இதுக்கா நாப்பத்தி நாலு? நீ ஒரு ஜட்ஜா?" குரல் உடைந்தது, கண்ணீர் மூக்கோரமாக இறங்கி மீசையில் நின்றது. "வாசனைக்கு ரெண்டு. மாத்திப் போடு ரோகினி, ரெண்டே ரெண்டு. அதுக்கு மேல ஒரு மார்க்கூடப் போடக் கூடாது."

ரெண்டுதான், மாற்றிப் போட்டுவிட்டேன் என்று சொல்லி, அத்தனை பேர் முன்னாலும் அவர் தலையைப் பிடித்து என் தோளில் சாய்த்துக்கொண்டேன்.